கை வராத அக்காவுக்குக் குழுவில் இடம் உண்டா?

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாத உறுப்பினர்களும் படிப்பதற்காக, அவர் பேசியபடியே இங்கே தருகிறோம்.)



வேப்பந்தட்டை, ஆலத்தூர் பக்கத்திலிருந்து வந்திருக்கீங்க. செந்துறை, ஆண்டிமடத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்தவங்களும் இருக்கீங்க. சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் எனக்குக் கொடுத்திருக்காங்க. சாம்பார் வாசனை வந்துட்டா நான் பேசுறது காதுல ஏறாது. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமம். அங்கே ஒரு அக்கா பன்னிரண்டு வருஷம் குழு ஊக்குநரா இருந்தவங்க. சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பாங்க. ஒருநாள் விடியற்காலை மாடு பிடிச்சுக் கட்டும்போது வலது கை, வலது கால் இழுத்துக்கிட்டது, வாய் கோணிடுச்சு. பக்கவாதம். 108-ல் தூக்கிட்டுப் போய் உயிரைக் காப்பாத்திட்டாங்க. வீட்டுக்கு வந்த பிறகு கயிற்றுக் கட்டில்தான் அவங்க உலகம்.

நான் போனபோது ஆறு மாசம் ஆயிருந்தது. வழக்கமா நாங்க முதல்ல கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு: "உங்களுக்கு என்ன செய்ய முடிஞ்சா தேவலை?" வீட்டுக்காரர் சொன்னார், "எழுந்து நடந்தா போதும்." மகன் சொன்னான், "அம்மா சமைக்கிற அளவுக்கு ஆகணும்." மருமகள் ஒண்ணும் சொல்லலை. ராத்திரி எழுந்து தூக்கிவிட்டுத் தூக்கிவிட்டு அந்தப் பிள்ளைக்கு இடுப்பே போயிருந்தது. அக்காவுக்குப் பேச்சு குழறும். மூணு தடவை கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவங்க சொன்னது, "தீர்மான நோட்டுல கையெழுத்து."

அப்புறம்தான் விசாரித்தேன். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரலைன்னு, குழு விதிமுறைப்படி அவங்க பெயரை எடுத்துட்டாங்க. சேமிப்பைக் கணக்குப் பார்த்து மகன் கையில் கொடுத்துட்டாங்க. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யலை. விதியில் இருக்கு, செய்தாங்க. ஆனா அந்த வருஷம் மருந்துச் செலவுக்குக் குழுவில் கடன் கேட்க வழியில்லாமல், மகன் வெளியில் அதிக வட்டிக்கு வாங்கினான். நம்ம குழு எதுக்காகத் தொடங்கினதோ, அது தேவைப்பட்ட நேரத்தில் அந்த அக்கா குழுவுக்கு வெளியே நின்னாங்க. இதைப் பற்றித்தான் இன்னிக்குப் பேச வந்தேன்.

முதல்ல என் வேலை என்னன்னு சொல்லணும். ஆக்குபேஷனல் தெரபி என்பதைத் தமிழில் தொழில்வழி சிகிச்சை என்று சொல்றாங்க. இந்தப் பெயரால எனக்குப் பெரிய தொல்லை. ஒரு ஊர்ல "தையல் மிஷின் தர்றீங்களா, மானியம் எவ்வளவு?"ன்னு கேட்டாங்க! இங்கே தொழில்னா சம்பளம் வாங்குற வேலை மட்டும் இல்லீங்க. காலையில் எழுந்து பல் விளக்குவது, குளிப்பது, சேலை கட்டுவது, சோறு பிசைந்து வாயில் வைப்பது, பால் கறப்பது, பேரப்பிள்ளையைத் தூக்குவது, குழந்தைக்கு விளையாட்டு, பள்ளிக்கூடம், கோயிலுக்குப் போவது என்று ஒரு நாளை நிறைக்கிற எல்லாமே தொழில்தான். நோயாலோ விபத்தாலோ பிறவியிலேயோ அது முடியாமல் போனால், திரும்பச் செய்ய வைப்பது எங்கள் வேலை. உடம்பைப் பழக்குவோம். அது முடியாத இடத்தில் செய்கிற முறையை மாற்றுவோம். அதுவும் போதாதென்றால் பாத்திரத்தை, கழிப்பறையை, வாசற்படியை மாற்றுவோம். பிசியோதெரபி, அதாவது இயன்முறை சிகிச்சை, கையைத் தூக்க வைக்கும். தூக்கின கையை வெச்சு இட்லியைப் புட்டுத் தின்ன வைக்கிறது நாங்க. ரெண்டும் அண்ணன் தங்கச்சி மாதிரி, எல்லைக்கோடு போட்டுப் பிரிக்க முடியாது.

இது ஏதோ வெளிநாட்டு விஷயம்னு நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பிறந்து நம்ம நாட்டு மருமகளா வந்த கமலா நிம்ப்கர் என்கிற அம்மா 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பள்ளியைத் தொடங்கினாங்க. 1952-ல் இந்தியச் சங்கமும் தொடங்கியாச்சு. நம்ம தமிழ்நாட்டில் வேலூர் கதை இன்னும் ருசியானது. டாக்டர் பால் பிராண்ட் நம்ம பச்சமலைக்கு மேற்கே இருக்கிற கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். கை நல்லா ஆனவர்கள் கொஞ்ச நாள் கழிச்சு வந்து குறைப்பட்டுக்கிட்டாங்களாம், "ஐயா, இந்தக் கையோட போனா யாரும் பிச்சை போட மாட்டேங்கறாங்க, வேலையும் தர மாட்டேங்கறாங்க"ன்னு! கை நிமிர்ந்தால் மட்டும் வாழ்க்கை நிமிராதுன்னு அவருக்கு அப்போ புரிந்தது. 1951-ல் நவஜீவ நிலையம்னு குடிசைகள் போட்டு, அங்கே தச்சுவேலை கற்றுக்கொடுத்தார். உணர்ச்சியில்லாத கையில் காயம் படாதபடி உளி, சுத்தியலுக்குப் பிடி மாற்றி அமைத்தார். அப்படியும் சிலருக்குக் காலையில் விரலில் புதுப்புண் இருந்தது. காவல் இருந்து பார்த்தால், தூங்கும்போது எலி கடித்திருக்கு. வலி தெரியாததால் அவங்க எழுந்திருக்கலை. பிறகு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினாங்க. என்னைக் கேட்டால் அந்தப் பூனையும் சிகிச்சைதான்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன இளம் பெண் மருத்துவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தாங்க. பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து வேலூரில் அந்தத் துறையை நடத்தினாங்க. 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறந்தது. முடியாதவங்கன்னு உலகம் ஒதுக்கியிருக்கக்கூடிய ஒரு பெண்ணால் எத்தனை பேர் எழுந்து உட்கார்ந்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, இதற்கும் நியாயத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரே பக்கவாதம் சென்னையில் ஒருத்தருக்கு வருது, நம்ம ஊரில் ஒருத்தருக்கு வருது. அங்கே ஸ்கேன் பக்கத்திலேயே இருக்கும். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகணும், அங்கே அது முடியுது. வாய் கோணுது, கை விழுது, பேச்சு குழறுதுன்னா நாம எலுமிச்சம்பழம் தேய்ச்சுக்கிட்டு நிக்காம உடனே 108-ஐக் கூப்பிடணும். அரியலூரில் 2022-ல்தான் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்கு முன் பெரிய வைத்தியம்னா திருச்சி, தஞ்சாவூர்தானே? ஆனா நான் சொல்ல வந்த வித்தியாசம் டிஸ்சார்ஜ் ஆன பிறகு தொடங்குறது. அங்கே மூணு மாசம் தெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார். இங்கே கயிற்றுக் கட்டில். உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, உலகத்தில் சுமார் 240 கோடிப் பேருக்கு, அதாவது மூன்றில் ஒருத்தருக்கு, மறுவாழ்வு சிகிச்சையால் பலன் உண்டு. ஏழை நாடுகள் சிலவற்றில் தேவைப்படுபவர்களில் பாதிப்பேருக்கு மேல் அது கிடைக்கிறதே இல்லை. எங்களை மாதிரிப் படிச்சவங்க சென்னை, வேலூர், கோயம்புத்தூர்ப் பக்கம்தான் அதிகம். அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் இருப்பாங்க. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எல்லா ஊரிலும் இருப்பாங்கன்னு சொல்ல முடியாது.

இதிலும் பொம்பளைக்கு ஒரு கணக்கு, ஆம்பளைக்கு ஒரு கணக்கு. வீட்டுக்காரர் விழுந்தால் பெண்சாதி ஆயுசுக்கும் நர்ஸ். பெண்சாதி விழுந்தால்? ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு பெண், வயசு இருபத்தெட்டுகூட இருக்காது. லாரி விபத்தில் கையும் தலையும் அடிபட்டது. நான் ரெண்டாவது தடவை போனபோது வீட்டில் இல்லை. "தாய்வீட்டுக்கு அனுப்பிட்டோம், இங்க யார் பார்க்கிறது?"ன்னாங்க. ரெண்டு பிள்ளைகளை இங்கேயே வெச்சுக்கிட்டாங்க. விலாசம் வாங்கித் தேடினேன், தாய்வீட்டிலிருந்தும் வேறெங்கோ போயாச்சு. அந்தப் பெண்ணுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியலை. ஒரு டம்ளர் பிடிக்கவும், குழந்தைக்குத் தலை பின்னவும் வந்திருந்தால் அனுப்பியிருப்பாங்களான்னு இன்னும் யோசிக்கிறேன். பின்னத் தெரிஞ்சாத்தான் ஒரு பெண்ணை வீட்டில் வெச்சுக்கணும்னு இருக்கிறதே அநியாயம்தான். ஆனா நடப்பு அப்படி இருக்கு.

ஊக்குநர் அக்கா கதைக்கு வர்றேன். முதல் பிரச்சினை கழிப்பறை. உட்கார்ந்து எழ முடியலை, மருமகள்தான் தூக்கணும். அதனால அக்கா தண்ணி குடிக்கிறதையே குறைச்சுட்டாங்க. பிளாஸ்டிக் சேர்ல ஓட்டை போடலாம்னு மகன் சொன்னான். நான் வேண்டாம்னேன், ஈரத்தில் கால் விரிஞ்சு விழுந்துடும். வெல்டிங் பட்டறையில் நாலு கால் இரும்பு ஸ்டூல், நடுவில் வட்டம் விட்டு, கழிப்பறை மேலேயே நிக்கிற மாதிரி செய்தோம். இடது பக்கச் சுவரில் ஒரு குழாய்க் கைப்பிடி. நல்லா இருக்கிற கை இடது கைதானே, அந்தப் பக்கம்தான் வைக்கணும். பல வீட்டில் தப்பான பக்கம் வைத்து, நம்ம மேலேயே குறை சொல்றாங்க. ஆயிரத்துச் சொச்சம் செலவு. அந்த வாரமே மருமகளுக்கு ராத்திரித் தூக்கம் வந்தது.

அடுத்தது ரவிக்கை. வராத கையை முதலில் நுழைக்கணும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கணும். இந்த ஒரு வரி தெரிந்தாலே பாதிச் சண்டை குறையும். ஹூக்குக்குப் பதிலா ஒட்டுப்பட்டை. "நைட்டி போட்டுக்கங்க"ன்னு நான் சொன்னதுக்கு அக்கா முறைச்சாங்க. நைட்டியோட குழுக் கூட்டத்துக்குப் போறதான்னு. சரிதானே? தையல் தெரிஞ்ச உறுப்பினர் ஒருத்தர் சேலைக் கொசுவத்தை மடிச்சுத் தைத்து இடுப்பில் நாடா வைத்துக் கொடுத்தாங்க.

சாப்பாடுதான் ரொம்பக் கஷ்டம். இடது கையால் சாப்பிட மாட்டேன்னு பிடிவாதம். ஊட்டினா சாப்பிடுவாங்க, இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தா திருப்பிக்குவாங்க. நான் வாதம் பண்ணலை. நம்ம ஊர்ல அது மானப் பிரச்சினை. ஸ்பூன் காம்பில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றித் தடிமனாக்கி, வலது உள்ளங்கையில் பட்டையால் கட்டி, தட்டு நகராமல் அடியில் ஈரத்துணி போட்டு, கஞ்சியில் ஆரம்பிச்சோம். பாதி மடியில் கொட்டும். மாமியார் வெட்கப்படக் கூடாதுன்னு மருமகளும் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூன்லயே சாப்பிட்டுது. வலது கையால் ஒரு வேளைச் சாப்பாடு முழுசா முடிக்க நாலு மாசம் ஆச்சு. வராத கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீங்கன்னு வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தோம். தோள்பட்டை கழன்றால் அந்த வலியில் பயிற்சியே நின்னுபோகும்.

கையெழுத்துக்கு இடது கை. அதுக்கு மட்டும் அக்கா ஒத்துக்கிட்டாங்க! பேரனின் சிலேட்டில் பெரிய எழுத்து, பிறகு தடித்த பேனா. வங்கியில் என்ன சொல்வாங்களோன்னு பயந்தோம். கையெழுத்துப் போட முடியாத நோயாளியிடம் பெருவிரல் ரேகையோ, அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகையோ இரண்டு சாட்சிகளை வைத்து வாங்கலாம்னு ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் இருக்கு. சாட்சியில் ஒருத்தர் வங்கி அதிகாரியா இருக்கணும். இதை எல்லா ஊக்குநர்களும் குறிச்சு வெச்சுக்கங்க, ஒருநாள் தேவைப்படும்.

பதினாலு மாசம் கழித்து அவங்களைத் திரும்பச் சேர்த்தாங்க. சுமுகமா நடந்ததுன்னு சொல்ல மாட்டேன். மற்றவங்க சேமிப்புக்குச் சமமா முழுத்தொகையும் கட்டணும்னு சிலர் சொன்னாங்க. கடைசியில் தவணையா கட்டச் சொல்லித் தீர்மானம் போட்டாங்க. கூட்டம் பள்ளிக்கூட வராண்டாவில் நடந்தது, நாலு படி ஏறணும். இப்போ அக்கா வீட்டுத் திண்ணையில் நடக்குது. ஊக்குநர் பொறுப்பு திரும்பக் கிடைக்கலை. கணக்கை மற்றவங்க படிப்பாங்க, தப்பு வந்தா அக்கா விரலால தரையில் தட்டுவாங்க.

குழந்தைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். பிறந்ததும் அழாத குழந்தை, குறைமாசக் குழந்தை உங்க தெருவில் இருந்தா கவனமா பாருங்க. அஞ்சு மாசத்தில் கழுத்து நிக்கலை, பத்து மாசத்தில் உட்காரலைன்னா, "எங்க வீட்டுக்காரரும் லேட்டாத்தான் நடந்தார்"னு இருந்துடாதீங்க. ஒரு வயசுக்குள்ள ஒரே கையைத்தான் நீட்டுதுன்னா அது இடதுகைப் பழக்கமில்லை, மற்ற கையில் பலவீனம் இருக்கலாம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைப் படுக்கவெச்சுப் பால், சாதம் ஊட்டக் கூடாது. புரையேறி நெஞ்சில் சளி கட்டும். நிமிர்த்தி உட்காரவைத்து, தலை லேசா முன்னால் இருக்கும்படி ஊட்டணும். உட்காரவைக்க விலை உயர்ந்த நாற்காலி வேண்டாம். வீட்டு மூலையே போதும், அல்லது அட்டைப்பெட்டிகளைப் பசையால் அடுக்கடுக்கா ஒட்டினால் மரம் மாதிரி உறுதியான நாற்காலி ஆகும். 2013-லிருந்து தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தில் 18 வயது வரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பரிசோதனை உண்டு. அங்கிருந்து மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவாங்க. சீட்டு எழுதிக் கொடுத்தும் பஸ் காசு இல்லாமல் போகாதவங்கதான் நிறைய.

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கு. கடற்படைத் தேர்வில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. அங்கே கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடுவீடாப் போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி தர வைக்கிறாங்க. தெரபிஸ்ட்டுகள் மேற்பார்வை. ஊருக்கு ஒரு தெரபிஸ்ட் வருகிறவரை காத்திருந்தா அந்தக் குழந்தைக்குக் கல்யாண வயசு வந்துடும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோன பெண்கள் யார்? நம்ம சுய உதவிக் குழு உறுப்பினர்கள்தானே! நம்மால் முடியும்கிறதுக்கு வேற சாட்சி வேண்டாம்.

முந்திரி உடைக்கிற சகோதரிகள் கையைக் காட்டுங்க. பாருங்க, தோல் கறுத்து உரிஞ்சிருக்கு. அந்த ஓட்டு எண்ணெய் தோலைச் சுட்டுடும். கையுறை போட்டால் வேகம் குறையுது, கிலோ கணக்குக் கூலி குறையுதுன்னு சொல்றீங்க, அது நியாயம்தான். சும்மா "கையுறை போடுங்க"ன்னு சொல்லிட்டுப் போறது என் வேலை இல்லை. எந்த மாதிரிக் கையுறை, எந்த விரலுக்கு, குந்தி உட்காராமல் எவ்வளவு உயரப் பலகைன்னு உங்களோட உட்கார்ந்து பார்க்க நான் ஒருநாள் வர்றேன். சின்ன வெங்காயம் அரியறவங்களுக்கும் அதே முட்டிவலிதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. 21 வகைக் குறைபாடுகள் அதில் இருக்கு, முன்னால் ஏழுதான். மன நோயும் உண்டு. தனித்துவ அடையாள அட்டை இருந்தால்தான் மற்ற உதவிகள் நகரும். கடுமையான பாதிப்பு உள்ளவங்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாயாக ஆனது. விழுதுகள் என்ற பெயரில் மறுவாழ்வு சேவை மையங்களும் வாகனமும் தமிழ்நாட்டில் தொடங்கியிருக்காங்க. நம்ம ஒன்றியத்துக்கு எந்த நாளில் என்ன கிடைக்கும்னு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்க. ஒருத்தரா போய்க் கேட்காதீங்க, கூட்டமைப்பு முத்திரையோட மனுவாக் கொடுங்க.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு குழுவும் பழைய பதிவேட்டைப் புரட்டுங்க. உடம்பு முடியாமல் பெயர் எடுக்கப்பட்டவங்க யார் யார்னு பாருங்க. "மூன்று கூட்டம் வராவிட்டால் நீக்கம்" என்ற விதியில், நோய், விபத்து, பேறுகாலம் நீங்கலாக என்று ஒரு வரி சேருங்க. இன்னிக்கே தீர்மானமாப் போடலாம், பொதுக்குழு கூடியிருக்கே. நலிவுற்றோருக்குன்னு ஒதுக்குற நிதியில் கழிப்பறை ஸ்டூலுக்கும் கைப்பிடிக் குழாய்க்கும் கொஞ்சம் எடுத்து வைங்க.

சாம்பார் வாசனை வந்துடுச்சு. சாப்பிட்டுட்டு நான் மூணு மணி வரை அந்த வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு பெயர், தெரு, என்ன முடியலைங்கிறது, அவங்க என்ன செய்ய ஆசைப்படுறாங்கங்கிறது, இதை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவாங்க. கடைசிக் கேள்வியை வீட்டுக்காரர்கிட்ட கேட்காதீங்க, அவங்ககிட்டயே கேட்டு எழுதுங்க. தெரியாதவங்க போன் போட்டுக் கேட்டுட்டு வாங்க, நான் காத்திருக்கேன்.